வேலையில்லாத பித்தளை ஆணி

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எழுபத்தேழு. தன் அண்ணனுக்குப் பட்டறை முதலாளி தரவேண்டிய கூலி பாக்கி இவ்வளவு என்பதை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரெஞ்சு சொல்லிவிடுவான். ஐந்து மாதம் பதினோரு நாள் லேத்துக்கு முன்னால் நின்று வீங்கிய கால்களின் விலை அது. "நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்" என்று யாராவது சுருக்கினால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாக்கி கேட்கப் போன அண்ணனைப் பித்தளைக் கம்பி திருடியவன் என்று சொல்லி, வாசலோடு திருப்பி அனுப்பினார் முதலாளி. அது நடந்து எட்டு மாதம். அண்ணன் வேலை கேட்டு எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து ரெஞ்சு ராத்திரிச் சோற்றோடு சேர்த்து அந்த ஆளின் பெயரையும் தினம் மென்றுகொண்டிருந்தான்.

இப்போது அதே முதலாளியின் புது எஞ்சின், எலுமிச்சம்பழம் அளவில், தராசம்மாவின் மேசைமேல் இருந்தது.

பழைய இயந்திரங்களுக்கு விலை சொல்வது தராசம்மாவின் தொழில். அந்தச் சாக்கில் ஆட்களின் யோக்கியதையையும் எடைபோட்டுச் சொல்லிவிடுவார் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அது. ரெஞ்சு அவருடைய உதவியாளன். லாரி மெக்கானிக்காக இருந்து, வாய் சும்மா இல்லாத காரணத்தால் நாலு இடத்தில் வேலையை இழந்து, ஐந்தாவதாக இங்கே வந்து சேர்ந்தவன்.

"குட்டி விமானம் பறக்கவிடுறாங்களே, அதுக்கான எஞ்சின். ஒரு மொத்த வியாபாரி டிசைன், அச்சு எல்லாத்தையும் சேர்த்துப் பத்தொன்பது லட்சத்துக்கு வாங்கப் போறார். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்து. அதுக்குள்ள அவருக்கு ரெண்டு பதில் வேணும். இது முதலாளியோட சொந்த மூளையா? இந்த விலை பெறுமா?" என்றார் தராசம்மா.

"அக்கா, நான் இப்பவே சொல்லிடறேன். மூளை இரவல், விலை அநியாயம், ஆள் அயோக்கியன். பில்லை அடிச்சிரலாமா?"

"உன் அண்ணன் விஷயம் எனக்குத் தெரியும். வர்றதா இருந்தா வா. ஆனா தராசுத் தட்டுல கட்டைவிரலை வைக்காதே."

"கட்டைவிரலா? நான் முழுசா ஏறிச் சம்மணம் போட்டு உக்காரலாம்னு இருந்தேன்."

தராசம்மா சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றாடியை விரலால் சுற்றினார். பிஸ்டன் மேலே ஏறும்போது புட்டியில் தக்கை இறுகுவது போல் இறுகி, தாண்டியதும் வெண்ணெயாக வழுக்கியது.

"செஞ்சவன் லேசுப்பட்டவன் இல்லடா. ஒரு இடத்துல கூட உலோகம் வீணா இல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கு..." என்றவர் நிறுத்தினார். "இது யாரு?"

எஞ்சினின் அலுமினியக் கூட்டின் அடிவயிற்றில், மிளகு அளவுக்கு மஞ்சளாக ஒரு பொட்டு. பித்தளை ஆணி. எதையும் பிடிக்கவில்லை, எதையும் தாங்கவில்லை.

"எல்லாரும் மாடா உழைக்கிற இடத்துல இவன் மட்டும் சும்மா உக்காந்திருக்கான்."

"மேற்பார்வையாளரா இருக்கும், அக்கா."

"வா. இவனுக்கு என்ன வேலைன்னு போய்க் கேட்போம்."

*

பட்டறையில் அனலடித்தது. அந்த அனலிலும் முதலாளி கோட்டைக் கழற்றவில்லை. உள்ளே நாலைந்து லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி லேத்து மட்டும் துணி மூடிக் கிடந்தது. அது யாருடையது என்று ரெஞ்சுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி அவனை முன்னே பின்னே பார்த்ததில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டான்.

சோதனை மேசையில் இன்னொரு எஞ்சினை முடுக்கிக் காட்டினார்கள். விளக்கெண்ணெய் கருகிய புகை கிளம்பியது. சத்தம் காதைத் துளைத்தது. மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. ஐந்து நிமிடம் குறையில்லாமல் ஓடி, எரிபொருள் தீர்ந்து நின்றது.

"எப்படி?" என்றார் முதலாளி.

"நல்லா ஓடுது. அடியில ஒரு பித்தளை ஆணி இருக்கே, அது எதுக்கு?"

முதலாளியின் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. உடனே சிரிப்பு வந்து அந்த இடத்தை நிரப்பியது. "அதுதாங்க இதோட உயிரே! அதிர்வைத் தின்னுற ஆணி. எஞ்சின் ஆடுற ஆட்டத்தை அது வாங்கிக்கும். அதுக்காகவே மூணு மாசம் தூங்காம யோசிச்சேன்."

"அப்படியா! இதை அறிக்கையில சேர்க்கணும். உங்க கையால எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுக் கொடுங்க."

முதலாளி குனிந்து மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் ரெஞ்சு வெடித்தான்.

"அதிர்வைத் தின்னுதாம்! தின்னுட்டு ஏப்பம் விடுமான்னு கேட்டிருக்கலாமே, அக்கா?"

"அந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தியா?"

"தீப்பெட்டி அளவு இருந்துது."

"எஞ்சினை விக்கிறவன் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிப் பெருமையடிப்பான். இவர் அஞ்சு நிமிஷத்துக்கு மேல எண்ணெயே ஊத்தல. ஏன்?"

"கஞ்சன்."

"கஞ்சன்தான். ஆனா வேற எதுலயோ கஞ்சத்தனம் பண்ணியிருக்கான். கூட்டை வார்த்தவர் யாருன்னு பாரு."

*

வார்ப்படக்காரர் கரி படிந்த கையோடு வெளியே வந்தார். மணல் அச்சுகளுக்கு நடுவே ஒரு கவிழ்த்த வாளியைக் காட்டி, உட்காரச் சொன்னார்.

"அந்தக் கூடா? கையால கடைஞ்ச சாம்பிள் ஒண்ணு கொண்டுவந்தாரும்மா. அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்ல. இதே மாதிரி வேணும், மயிரிழை மாறக்கூடாதுன்னார்."

"ஆணியுமா?"

"ஆணியும்தான். எதுக்குங்க இதுன்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னுட்டார். சாம்பிள்ல அந்த ஆணி மரை போட்டு, திருகி இறக்கி, தலையைத் தட்டி மூடியிருந்துது. ஒவ்வொண்ணுக்கும் மரை வெட்டினா கூலி கூடும்னேன். அப்போ சும்மா அடிச்சு இறக்குன்னார்."

"மயிரிழை மாறக்கூடாதுன்னாரே?" என்றான் ரெஞ்சு.

"மயிரிழை இலவசம் தம்பி. மரைக்குக் காசு ஆகுமே!"

தராசம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "மூணு மாசம் தூங்காம யோசிச்ச ஆணியைத் திருகினா என்ன, அடிச்சா என்னன்னு சொல்றார். பெத்தவன் இப்படிப் பேசமாட்டான். சாம்பிளைக் கடைஞ்ச கை யாருதுன்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா தெரியறது வேற, காட்டறது வேற. நட, உன் அண்ணன் வீட்டுக்கு."

*

இரும்புப் படி ஏறினால் ஒரே அறை. அண்ணி தரையில் உட்கார்ந்து பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் அண்ணன், யாரோ ஒரு தையல்காரரின் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். முடியில் பாதியை அளந்து கடையும் கைக்கு எட்டு மாதமாக அதுதான் பிழைப்பு.

ரெஞ்சு எஞ்சினை அவர் கையில் வைத்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காற்றாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பெற்ற பிள்ளையின் தலையைத் தடவுகிறவர் மாதிரி விரல் மெல்ல இறங்கியது. அடிவயிற்றுக்கு வந்ததும் நின்றது. கண் திறந்தது.

"இது... இதையுமா போட்டிருக்கான்?"

"என்னண்ணே இது?"

அண்ணன் அண்ணியை ஒருதரம் பார்த்தார். சொல்லக் கூசுகிற விஷயம் போலத் தரையைப் பார்த்துச் சொன்னார். "தப்பு ஓட்டை. ரெண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்த அன்னிக்குக் கை தூங்கிடுச்சு. கூட்டைத் தலைகீழா மாட்டித் துளை போட்டுட்டேன். தூக்கிப் போட மனசு வரல, பித்தளையால அடைச்சேன். அதைச் சும்மா பழகிப் பார்க்க வெச்சிருந்தேன். நல்லதை அப்புறம் செய்யலாம்னு இருந்தப்பதான் என்னை வெளிய தள்ளினான். இது பட்டறையிலேயே தங்கிடுச்சு."

ரெஞ்சு வாயைப் பிளந்தான். "அப்போ அந்த ஆளு உன் ஒட்டுப்போட்ட சட்டையைத் திருடி, ஒட்டையும் சேர்த்து ஆயிரம் சட்டை தைக்கிறானா?"

"அதிர்வைத் தின்னுமாம்" என்றார் தராசம்மா.

அண்ணி தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. ஆணியை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"மரை இல்லையே. அடிச்சா இறக்கியிருக்கான்? எவ்வளவு நேரம் ஓட்டினாங்க?"

"அஞ்சு நிமிஷம்."

"புது எஞ்சினை ஓட்டிப் பழக்கறப்போ?"

"கொஞ்சம் ஓட்டி, ஆறவெச்சு, மறுபடி கொஞ்சம் ஓட்டறதுதானே வழக்கம்" என்றான் ரெஞ்சு.

"அதான் இன்னும் இருக்கு" என்றார் அண்ணன். "சூடேறினா அலுமினியம் நிறைய விரியும், பித்தளை அவ்வளவு விரியாது. ஓட்டை பெருசாகும், ஆணி அப்படியே இருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் விடாம ஓட்டினா ஆணி தெறிச்சிடும். உள்ள இருக்கிற அழுத்தம் அந்த வழியா ஓடிப்போகும். எஞ்சின் செத்துடும்."

ரெஞ்சு துள்ளி எழுந்தான். "கிளம்புண்ணே! வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு."

"என்னன்னு சொல்ல? இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு ஓட்டை தப்பாப் போட்டேன். அதை ஊரைக் கூட்டி நானே சொல்லணுமா? திருடன்னு சொன்னாங்க, தாங்கிக்கிட்டேன். வேலை தெரியாதவன்னு சொன்னா தாங்கமாட்டேன்டா."

"ஏங்க, வீட்டு வாடகை நிக்குது, தொழில் நிக்குது, நீங்க ஒரு மிளகளவு ஓட்டைக்கு வெக்கப்படறீங்க" என்றாள் அண்ணி. "எட்டு மாசமா அந்த ஆள் முகம் கறுக்கிறதைப் பார்க்கணும்னு நான் தவம் கிடக்கிறேன். சட்டையை மாட்டுங்க. எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க."

தராசம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம், மேஸ்திரி. கதவுக்கு வெளிய நில்லுங்க. அந்த ஓட்டை உங்களதுன்னு அவர் வாயாலேயே சொல்ல வைக்கறது என் பொறுப்பு."

*

மணி நாலே முக்கால். பட்டறையில் மொத்த வியாபாரி பேனாவை மூடி திறந்து மூடிக்கொண்டிருந்தார். காகிதங்கள் தயாராக இருந்தன. ரெஞ்சு பையிலிருந்து ஒரு பெரிய எண்ணெய் டப்பாவை எடுத்துச் சோதனை மேசையில் வைத்தான். ஆணிக்கு நேரெதிரே ஒரு தடித்த பலகையையும் நிறுத்தினான்.

"இது எதுக்கு?" முதலாளியின் குரல் கசங்கியது.

"இருபது நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம்" என்றார் தராசம்மா.

"குட்டி விமானம் அஞ்சு நிமிஷம்தான் பறக்கும்!"

"பத்தொன்பது லட்சம் கொடுக்கறவர் நான். இன்னும் பதினஞ்சு நிமிஷம் கேக்கக் கூடாதா?" என்றார் வியாபாரி.

எஞ்சின் முடுக்கப்பட்டது. ரெஞ்சு கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிடம். ஆறு. ஏழு. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எட்டு. எஞ்சின் குயிலாகப் பாடியது. அண்ணனுடைய வேலை அவ்வளவு சுத்தம். ஒன்பது. அண்ணனின் எஞ்சின் நிற்க வேண்டும் என்று அண்ணனின் தம்பியே வேண்டிக்கொண்டு நிற்கும் நிலை அவனுக்கே வினோதமாக இருந்தது. பத்து. மடேரென்று ஒரு உதை விட்டால் என்ன என்று கால் துறுதுறுத்தது. தராசம்மா திரும்பி அவன் காலைப் பார்த்தார். கால் அடங்கியது.

பதினொன்று.

டொக்!

பலகையில் ஏதோ மோதி விழுந்தது. எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. அடிவயிற்று ஓட்டையிலிருந்து எண்ணெய் ஒழுகியது. சத்தம் நின்றதைக் கேட்டு லேத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

தராசம்மா கையெழுத்திட்ட தாளை விரித்தார்.

"மூணு மாசம் தூங்காம யோசிச்ச ஆணி, பதினோரு நிமிஷம் தாங்கல. சூட்டுல அலுமினியம் எவ்வளவு விரியும், பித்தளை எவ்வளவு விரியும்னு இங்க பெருக்கற ஆளுக்குக் கூடத் தெரியும். இது தெரியாம அந்த இடத்துல ஓட்டை போட்டவன் அடிமுட்டாளாத்தான் இருக்கணும். நீங்களே யோசிச்சதா எழுதியிருக்கீங்க. அப்படியே அறிக்கையில போட்டுடவா?"

லேத்துக்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் கழுத்து சிவந்து, அது முகத்துக்கு ஏறியது.

"யாரு முட்டாள்? நானா? நான் போட்ட ஓட்டை இல்லம்மா அது! அந்தத் திருட்டு மேஸ்திரி போட்டது! வேலை தெரியாத பய, அவன் பண்ணின தப்புக்கு நான் எப்படி..."

வாய் திறந்தபடியே நின்றது. வார்த்தை வெளியே வந்துவிட்டது. கோட்டுப் பையில் தேடினாலும் அது இனிக் கிடைக்காது.

"எந்த மேஸ்திரி?" என்றார் வியாபாரி மெதுவாக.

பேச வேண்டாம் என்றுதான் தராசம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். தன்னோடு வேலை பார்த்தவர்களின் முகங்களை ஒருதரம் பார்த்தார்.

"நான்தான். தப்பு ஓட்டை என்னோடதுதான். அதைச் சுத்தியிருக்கிற எஞ்சினும் என்னோடதுதான்."

கூனிக் குறுகிச் சொல்வார் என்று நினைத்த ரெஞ்சுக்கு, அண்ணன் அன்று ஒரு சாண் வளர்ந்திருப்பதாகத் தோன்றியது.

"இந்தக் குறையைச் சரிசெய்ய என்ன ஆகும்?" என்று கேட்டார் வியாபாரி.

"ஒண்ணும் ஆகாதுங்க. அந்த ஓட்டையைப் போடாம விட்டாப் போதும்."

"விட்டா எவ்வளவு நேரம் ஓடும்?"

"எண்ணெய் இருக்கிற வரைக்கும்."

வியாபாரி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அதைப் பார்த்த முதலாளி பாய்ந்து அலமாரியைத் திறந்தார். கட்டுக் கட்டாகப் பணமும் கூலிப் பதிவேடும் மேசைக்கு வந்தன. எச்சில் தொட்டு எண்ணினார். கடைசி ஏழு வரைக்கும் எண்ணினார்.

"இந்தாய்யா உன் பாக்கி! நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எழுபத்தேழு. எண்ணிப் பார்த்துக்கோ. என் இடம், என் லேத்து, என் கூலி. கூலி கொடுத்துச் செஞ்ச பொருள் என்னோடது. பதிவேட்டுல கையெழுத்துப் போடு!"

ரெஞ்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதம் கனவு கண்ட பணம் கையெட்டும் தூரத்தில், கசங்காமல், வாடகையாக, அரிசியாக, அண்ணிக்கு ஒரு ஓய்வாக இருந்தது. வாங்கினால் எஞ்சின் போச்சு.

"அக்கா, அந்த ஆள் சொல்றது செல்லுமா?" என்று முணுமுணுத்தான்.

"செஞ்ச அஞ்சு மாசத்துக்கும் கூலி போயிருந்தா பேச்சே இல்ல, அவர் சொல்றது நியாயம்தான். ஒரு காசு கூடப் போகல" என்றார் தராசம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "வாங்கறதும் வாங்காததும் மேஸ்திரி இஷ்டம். இதுல நான் விரல் வைக்கமாட்டேன்."

"கூலி வாங்காதவர் கிட்ட நான் நேரா விலை பேசிக்கிறேன்" என்றார் வியாபாரி.

"வாங்கிக்கய்யா!" முதலாளி பணத்தை அண்ணனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "உன்னைத் திருடன்னு சொன்னது தப்புன்னே வெச்சுக்கோ. வாங்கிக்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அண்ணன் அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தார். அண்ணிக்காகவும் சேர்த்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை எடுத்தார். முதலாளி மூச்சுவிட்டார்.

தன் பெயருக்கு எதிரே இருந்த தொகையின் மேல், உளியால் கீறுவது போல நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: ‘வாங்கவில்லை. வேண்டாம். விட்டுவிட்டேன்.’

கீழே கையெழுத்துப் போட்டு, மை காயும் வரை காத்திருந்து, பதிவேட்டை மூடினார்.